“நல்லாப் பேசுறான்” என்று சொல்லும் முன்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். பெற்றாரும் ஆசிரியர்களும் கட்டாயம் வாசியுங்கள்.

போன தவணையில் ஒரு வியாழக்கிழமை, கடைசிப் பாடவேளை. தரம் 8 மாணவர் மன்றக் கூட்டம். வாவியோரத்துப் பிள்ளை ஒருவன் பேச எழுந்தான். தலைப்பு ‘கல்வியின் சிறப்பு’. “பேரன்பிற்கும் பெருமதிப்பிற்குமுரிய...” என்று தொடங்கி மூன்று பந்திகளை மூச்சு விடாமல் சொன்னான். நாலாவது பந்தியில் நின்றுவிட்டான். முகம் வெளிறியது. அவன் பார்த்தது சபையை அல்ல, பின்னால் நின்ற எங்களை. நாங்கள் உதட்டசைவில் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தோம். பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் சொல்லி முடித்தான். கைதட்டல். “நல்லாப் பேசினான்” என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

உண்மை என்ன? அவன் பேசவே இல்லை. இரண்டு இரவுக்கு முன் அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள். கூட்டம் முடிந்த பிறகு கேட்டோம்: “மகன், நீ சொன்னதில உனக்குப் பிடிச்சது எது?” “தெரியா சேர்” என்றான்.

அந்த ‘தெரியா’ எங்களை நிறைய யோசிக்க வைத்தது. தமிழ்த் தினப் போட்டி, மீலாத் விழாப் போட்டி என்று வருடா வருடம் பிள்ளைகளை மேடை ஏற்றுகிறோம். இந்த மேடைப் பேச்சு நமக்கு எங்கிருந்து வந்தது, யார் யார் இதைக் கைமாற்றித் தந்தார்கள் என்று பிள்ளைகளுக்கு ஒரு நாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதைத்தான் இன்று எழுதுகிறோம்.

முதலில் ஒரு விடயம். தமிழ் ஆயிரக்கணக்கான வருடப் பழமையுள்ள மொழி. ஆனால் ஒருவர் எழுந்து நின்று, வந்திருக்கும் எல்லோரையும் பார்த்து, உரைநடையில் ஒரு கருத்தை எடுத்துப் பேசி அவர்கள் மனதை மாற்ற முயல்கின்ற இந்த மேடைப் பேச்சு தமிழில் வேரூன்றி இருநூறு வருடம் அளவில்தான் ஆகிறது. அதற்கு முன்னும் மக்கள் கூடினார்கள். கோயிலில் புராணப் படிப்பு நடந்தது. ஒருவர் பாட்டைப் படிக்க இன்னொருவர் பயன் சொல்லுவார். வாவிக்கரைக் கிராமங்களில் விடிய விடியக் கூத்து நடந்தது. நமது பள்ளிவாசல்களில் கத்தீப் கையில் அசாவுடன் மிம்பரில் ஏறி அரபுக் குத்பாவை ஓதுவார். தமிழ் விளக்கம் அதோடு சேர்ந்தது பின்னாளில். வஅஸ் மஜ்லிஸ்கள் இருந்தன. ஆனால் இவை எல்லாவற்றிலும் பெரும்பாலும் ஒரு நூல் முன்னால் இருந்தது, பேசியவர் அந்த நூலின் நிழலில் நின்றார்.

வேறொரு மாதிரியைக் கொண்டுவந்தவர்கள் கிறிஸ்தவ மிஷனரிமார். 1814 இல் வெஸ்லியன் மிஷனரிகள் இலங்கையில் வந்து இறங்கினார்கள். அவர்களில் வில்லியம் ஓல்ட் என்ற இளைஞர் மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டார். வந்த கையோடு பள்ளிக்கூடம் தொடங்கினார். ஒரு வருடம் நிறையுமுன், 1815 இல், இறந்துபோனார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த 1814 இல்தான் வைக்கிறது. அவர்கள் வழிபாட்டு இடத்தில் மட்டுமல்ல, சந்தியிலும் சந்தையிலும் மரத்தடியிலும் நின்று, சாதாரண சனங்களை நோக்கி, வாரம் தவறாமல் பிரசங்கம் செய்தார்கள். ஒரு தலைப்பு, அதற்கு விளக்கம், உதாரணம், கடைசியில் ‘ஆகவே நீங்கள் இப்படி வாழுங்கள்’ என்ற அழைப்பு. இன்று நமது பிள்ளைகளின் பேச்சுக்கு நாம் போட்டுக் கொடுக்கும் சட்டகமும் இதுதானே.

இந்த ஆயுதத்தை உள்ளே இருந்து கற்றுக்கொண்டு தன் சமயத்துக்காகத் திருப்பிப் பிடித்தவர் யாழ்ப்பாணம் நல்லூரில் 1822 இல் பிறந்த ஆறுமுகம். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பேர்சிவல் செய்த பைபிள் தமிழ் மொழிபெயர்ப்புக்கும் உதவியவர். 1847 டிசம்பர் 31, ஒரு வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணை வைத்தீஸ்வரன் கோயிலில் தன் முதலாவது பிரசங்கத்தைத் தொடங்கினார். பிறகு வெள்ளி தோறும் மாலையில் பேச்சு நடந்தது. அடுத்த வருடம் மிஷன் பாடசாலை வேலையை விட்டார். 1849 இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ என்ற பட்டத்தைக் கொடுத்தது. நாவால் வல்லவர் என்ற பட்டமே அவருடைய பெயராகி நிலைத்துவிட்டது.

நாவலரிடம் நம் பிள்ளைகள் படிக்க வேண்டியது ஒன்று உண்டு. தான் மறுத்துப் பேசிய சமயத்தின் வேதத்தை அவர் வரி வரியாக வாசித்திருந்தார். தெரியாததைத் திட்டவில்லை, தெரிந்ததோடு வாதிட்டார். இன்று அடுத்தவர் சமயத்தைப் பற்றி மேடையில் முழங்குகிற எத்தனை பேர் அந்தச் சமயத்தின் ஒரு பக்கத்தையாவது வாசித்திருக்கிறார்கள்? அதே நேரம் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சாதி விடயத்தில் நாவலர் தன் காலத்து எல்லையைத் தாண்டவில்லை. ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயில் கதவு மூடியிருந்த காலம் அது. யார் கேட்க அனுமதிக்கப்படுகிறார்கள் என்பதும் பேச்சின் ஒழுக்கத்தில் சேர்ந்ததுதான்.

நமது சமூகத்துக்கு வருவோம். கண்டியில் 1838 இல் பிறந்த அறிஞர் சித்திலெப்பை ஒரு சட்டத்தரணி. 1882 டிசம்பரில் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த மாதமே, 1883 ஜனவரியில், எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற ஒறாபி பாஷா நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தார். கல்வி இல்லாமல் நமது சமூகம் எழும்ப முடியாது என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள். 1884 இல் கொழும்பில் ஒரு மத்ரஸா உருவானது. 1892 இல் ஸாஹிறாவுக்கு வித்திடப்பட்டது. ஆங்கிலம் படித்தால் ஈமான் போய்விடும் என்று பயந்த காலம் அது. பெண் பிள்ளைகளுக்கும் கல்வி வேண்டும் என்று சித்திலெப்பை சொன்னார். கைதட்டல் கிடைக்கும் கருத்தா அது? சபைக்குப் பிடித்ததைச் சொல்வது சுலபம். சபைக்குத் தேவையானதை, சபையின் மனம் உடையாமல் சொல்வதற்குத்தான் தைரியம் வேண்டும். பேச்சுத் தைரியம் என்றால் தொண்டைச் சத்தம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். ஒரு பக்கம் சாய்ந்தமருது, மறுபக்கம் நிந்தவூர். இரண்டு முஸ்லிம் ஊர்களுக்கு நடுவே காரைதீவு. அங்கே 1892 இல் பிறந்த மயில்வாகனம்தான் சுவாமி விபுலாநந்தர். கல்முனையிலும், மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும், அதாவது கிறிஸ்தவப் பாடசாலைகளில் படித்தார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதரானார். லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். 1924 இல் துறவு பூண்டார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் அவர் நாடகம் பற்றி ஆற்றிய உரைதான் ‘மதங்க சூளாமணி’ என்ற நூலாக விரிந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் மரபோடு வைத்துப் பேசிய நூல் அது. ஒரு பேச்சுக்குப் பின்னால் எவ்வளவு வாசிப்பு இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். கல்லடி உப்போடை சிவானந்த வித்தியாலயம் அவர் வளர்த்த பாடசாலை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். 1947 ஜூனில் ‘யாழ் நூல்’ அரங்கேறியது. அடுத்த மாதமே காலமானார். அவருடைய சமாதி கல்லடியில்தான் இருக்கிறது. பாலத்தைத் தாண்டிப் போகிற நாம் எத்தனை பேர் இறங்கிப் பார்த்திருக்கிறோம்?

இன்னொரு கதையும் இருக்கிறது. 1911 இல் ஒரு முஸ்லிம் பிள்ளை பிறந்தது. எங்கே? யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில். ஆம், நாவலர் முதலில் பேசிய அதே வண்ணார்பண்ணை. குர்ஆன் மத்ரஸாவில் ஓதிய அந்தப் பிள்ளை, அந்தக் கோயிலின் பெயரைத் தாங்கிய வைத்தீஸ்வர வித்தியாலயத்தில் படித்தது. பிறகு யாழ் இந்துக் கல்லூரி. அவர்தான் ஏ.எம்.ஏ. அஸீஸ். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது முஸ்லிம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942 இல், உணவு உற்பத்திக்காகத் திறக்கப்பட்ட கல்முனை அவசரகாலக் கச்சேரிக்கு உதவி அரச அதிபராக வந்தார். யுத்தத்தால் அரிசிக்குத் தட்டுப்பாடு. காட்டை வெட்டிக் காணி கொடுத்து வயல் செய்யச் சொல்லி விவசாயிகளைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அது மேடைத் தமிழால் முடிகிற வேலையா? விவசாயியின் தமிழில், விவசாயியின் வரம்பில் நின்று பேச வேண்டும்.

இந்தக் கல்முனைக் காலத்தில்தான் அஸீஸும் விபுலாநந்தரும் நெருங்கிப் பழகினார்கள். காவி உடுத்த துறவியும் முஸ்லிம் அதிகாரியும் தமிழையும் கல்வியையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேடையில் இல்லை, எதிரெதிரே இருந்து. நமது பகுதிப் பிள்ளைகளின் கல்வி பற்றிய அக்கறை அஸீஸுக்குள் ஊன்றியது அப்போதுதான். 1945 இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவானது. 1948 இல் சிவில் சேவையையே விட்டுவிட்டு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். செனட் சபையிலும் இருந்தார். 1956 இல் சிங்களம் மட்டும் கொள்கையைத் தன் கட்சியே ஏற்றபோது அந்தக் கட்சியை விட்டு விலகினார். தான் பேசிய வார்த்தைக்கு ஒருவர் கொடுக்க வேண்டிய விலை இதுதான். விலை கொடுக்கத் தயாரில்லாதவன் பேச்சில் எவ்வளவு அலங்காரம் இருந்தும் என்ன?

பிறகு வந்தது ஒலிபெருக்கிக் காலம், தேர்தல் மேடைக் காலம். 1956 இலிருந்து மட்டக்களப்பைப் பிரதிநிதித்துவப்படுத்திய செ. இராசதுரையைச் சனங்கள் ‘சொல்லின் செல்வர்’ என்றே அழைத்தார்கள். அவர் பேச்சைக் கேட்க வண்டில் கட்டிப் போன கதையை நமது மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சம்மாந்துறையில் 1948 இல் பிறந்த எம்.எச்.எம். அஷ்ரஃப், சட்டத்தரணி, கவிஞர், பேச்சாளர். 1977 தேர்தல் காலத்தில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் பக்கம் நின்று, அமிர்தலிங்கம் தமிழீழம் பெற்றுத் தராவிட்டாலும் தான் பெற்றுத் தருவேன் என்ற கருத்தில் அவர் பேசியதாக இன்றும் சொல்லுவார்கள். நாலே வருடம். 1981 இல் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸைத் தொடங்கினார். மனிதர் கருத்து மாறலாம், காலம் மாற்றும். ஆனால் 2000 செப்டம்பரில் அவர் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்து இத்தனை வருடம் ஆகியும் அந்த ஒரு வார்த்தை மறையவில்லை. மைக்கில் சொன்ன சொல் சொன்னவரையும் தாண்டி வாழும். பிள்ளைகளே, இதை நன்றாக நினைவில் வையுங்கள்.

யுத்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். விரித்து எழுதக் கை வரவில்லை. 1990 ஓகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். அடுத்த மாதம் 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழ்ச் சனங்கள், குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டார்கள். எங்களில் பலர் அந்த வருடத்தை அண்டி பிறந்தவர்கள். ‘அவனுகள்’ என்ற ஒரு சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள். இந்தப் பக்கமும் ‘அவனுகள்’, அந்தப் பக்கமும் ‘அவனுகள்’. கொலை நடப்பதற்கு வெகு முன்னமே, பக்கத்து ஊர்க்காரனின் பெயர் போய் அவன் ஒரு பன்மைச் சொல்லாகிவிடுகிறான். அதைச் செய்வது பேச்சுத்தான்.

2014 ஜூன் 15. அளுத்கமையில் ஒரு பொதுக்கூட்டம். மேடையில் நம்மைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதைக் காணொளியில் பார்த்தோம். அதன் பிறகு வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிர்கள் போயின. பேச்சு எப்படித் தீயாகும் என்பதை வாங்கிக் கட்டிக்கொண்ட சமூகம் நாம். ஆகவே நமக்கு நன்றாகப் புரிந்திருக்க வேண்டும்.

ஆனால் புரிந்ததா? 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250 க்கும் மேற்பட்ட உயிர்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிஞ்சுகள். அதற்குத் தலைமை தாங்கியவன் நமது வாவிக்கரையில் வளர்ந்தவன். பெயரை இங்கே எழுத மாட்டோம். அவன் முதலில் என்னவாக அறியப்பட்டான்? ஒரு பேச்சாளனாக.

இந்த இடத்தில் நாம் நம்மை ஏமாற்றக் கூடாது. மேடைப் பயம் அவனுக்கு இருக்கவில்லை. ஞாபகசக்தி இருந்தது. ஆதாரங்களை மளமளவென்று அடுக்குவான். குரல் ஏற்ற இறக்கம் தெரியும். பேச்சுப் போட்டிக்கு நாம் போடும் புள்ளித் திட்டத்தின்படி அவனுக்குப் புள்ளி போட்டிருந்தால் முதலிடம்தான். முதலில் அவன் திட்டியது நமது சொந்த மக்களைத்தான், ஸூபி வழியில் இருந்தவர்களை. 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் மோதல் வரை போனது. எச்சரித்தவர்கள் இருந்தார்கள், முறையிட்டவர்களும் இருந்தார்கள். அதை மறக்கக் கூடாது. ஆனால் நம்மில் எத்தனை பேர் ஒரு காணொளியைப் பார்த்து, “என்ன சொன்னாலும் ஆள் நல்லாப் பேசுறான்” என்று சொல்லிப் பகிர்ந்தோம்? வாயை மூடிக்கொண்டு சிரித்தோம்? அடுத்த தெருக்காரனைக் கேலி செய்தபோது ரசித்தோம்?

“நல்லாப் பேசுறான்.” எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் அதையே சொல்கிறோம், அவனுக்கும் அதையே சொன்னோம். ‘நல்லா’ என்ற சொல்லில் ‘நல்லது’ இருக்கிறதா என்று நாம் பார்க்கவே இல்லை.

சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம் இன, மத வெறுப்பைத் தூண்டும் பேச்சைக் குற்றம் என்கிறது. ஆனால் அதே சட்டம் 2019 இல் ஒரு சிறுகதை எழுதிய எழுத்தாளர் மீதும் பாய்ந்தது. சட்டத்தை மட்டும் நம்பினால் சரிவராது. வகுப்பறையில்தான் தொடங்க வேண்டும்.

நாங்கள் இப்போது வகுப்பில் செய்ய முயல்வதைச் சொல்கிறோம்.

1. எழுதிக் கொடுப்பதை நிறுத்திவிட்டோம். பிள்ளையிடம் கேட்கிறோம், பிள்ளை சொல்கிறது, அதைப் பிள்ளையே எழுதுகிறது. பரிசு குறையலாம். பரவாயில்லை.

2. மனப்பாடம் வேண்டாம். உள்ளங்கை அளவு அட்டையில் ஐந்து சொற்கள் போதும். மனப்பாடம் செய்த பிள்ளைக்கு ஒரு வரி மறந்தால் எல்லாம் மறந்துவிடும். விடயம் தெரிந்த பிள்ளைக்கு வரி மறந்தாலும் விடயம் மறக்காது.

3. நடுக்கம் வெட்கப்படும் காரியமல்ல. பிர்அவ்னிடம் அனுப்பப்பட்ட மூஸா நபியே தன் நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி கேட்டார். தன் சகோதரர் ஹாரூனையும் துணைக்குக் கேட்டார். நபிமார் கேட்ட துணையை ஒரு தரம் 8 பிள்ளை கேட்கக் கூடாதா? மேடையேறியதும் ஒரு மூச்சு இழுத்து விட்டு, கடைசி வரிசையில் இருக்கும் ஒரு முகத்தைப் பார்த்துத் தொடங்கச் சொல்கிறோம்.

4. கத்த வேண்டாம். மைக் இருப்பதே கத்தாமல் இருக்கத்தான். நபி (ஸல்) அவர்களுடைய வார்த்தைகளை எண்ணிவிடலாம் என்ற அளவுக்கு நிதானமாகப் பேசினார்கள் என்று அறிவிப்பு இருக்கிறது.

5. “யார் சொன்னது? எங்கே இருக்கிறது?” இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாத தகவலைச் சபையில் சொல்லக் கூடாது. வட்ஸ்அப்பில் வந்தது என்பது பதில் அல்ல. பிழையாகச் சொல்லிவிட்டால் அடுத்த கூட்டத்தில் அதே இடத்தில் நின்று திருத்த வேண்டும்.

6. நீ யாரைப் பற்றிப் பேசுகிறாயோ அவருடைய பிள்ளை முன்வரிசையில் இருக்கிறது என்று நினைத்துப் பேசு. அது இருக்கும்போது சொல்ல முடியாததை அது இல்லாதபோதும் சொல்லாதே.

7. கேட்பவருக்கும் பொறுப்பு உண்டு. கைதட்டும் முன் ஒரு கணம் யோசி. கைதட்டலும் ஒரு வாக்குத்தான்.

கடைசியாக அந்தப் பிள்ளையின் கதை. இரண்டு கிழமை கழித்து அவனை மறுபடியும் பேசச் சொன்னோம். தலைப்பை அவனே எடுத்தான்: தங்கூசி வலை. அவனுடைய வாப்பா வாவியில் வலை வீசுகிறவர். தடைசெய்த தங்கூசி வலையைப் போட்டால் குஞ்சு மீனும் சேர்ந்து வருகிறது, அறுந்த வலை தண்ணிக்குள் கிடந்து மீனைக் கொன்றுகொண்டே இருக்கிறது, போன வருடம் ஒரு மணித்தியாலத்தில் பிடித்த மீனுக்கு இப்போது அரை நாள் போகிறது என்று தன் பேச்சுத் தமிழிலேயே சொன்னான். வகுப்பில் வேறு மீனவர் பிள்ளைகளும் இருந்தார்கள். சிலருடைய வீட்டில் அந்த வலை இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு பிள்ளையின் தலை குனிந்தது. இவன் அதைக் கண்டான். ஒரு கணம் நின்றான். இந்த முறை எங்களைப் பார்க்கவில்லை.

“எங்கட வாப்பாவும் முந்திப் போட்டவர்தான்” என்றான். “கடன் இருந்திச்சு. அதால போட்டவர். இப்ப போடுறல்ல.”

குனிந்த தலை நிமிர்ந்தது. மூன்று நிமிடம் கூட இல்லை. அடுக்குமொழி இல்லை. முடிவுரை சொல்ல மறந்து அப்படியே போய் இருந்துவிட்டான். கைதட்ட எல்லோருக்கும் கொஞ்சம் நேரம் எடுத்தது. போட்டிப் புள்ளித் திட்டத்தில் இதற்கு எத்தனை புள்ளி வரும் என்று எங்களுக்குச் சொல்லத் தெரியாது.

ஆனால் அன்றைக்கு நாங்கள் மனதாரச் சொன்னோம்: நல்லாப் பேசினான்.

உங்கள் பாடசாலையில் பேச்சுப் பயிற்சி எப்படி நடக்கிறது, இந்தப் பட்டியலில் எதைச் சேர்க்கலாம் என்று எழுதுங்கள். பகிர்வதாக இருந்தால் முழுவதும் வாசித்துவிட்டுப் பகிருங்கள்.